பெயர் ஒன்றுதான், துப்பாக்கி ஒன்றல்ல: பழைய பார்க்கரில் தோட்டா போடும் முன்

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சோதித்து மதிப்புச் சொல்வது என் தொழில். தாத்தாவின் பார்க்கர் இரட்டைக்குழலைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் கேட்பார்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அது எந்தக் காலத்துப் பார்க்கர் என்பது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் 1860களில் தொடங்கி, 1934இல் ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்கு மாறி, இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை வந்த துப்பாக்கி இது, இத்தனை வருடத்தில் உள்ளே எவ்வளவோ மாறிவிட்டது.

விசைக் காப்பு வளையத்துக்கு முன்னால் அடியில் ஒரு பொத்தான் இருந்து, அதை மேலே அழுத்தினால் குழல் திறக்கிறதா? அது லிஃப்டர், ஆரம்பகால வடிவம். கட்டைவிரலால் தள்ளும் மேல் லீவர் 1882இல் வந்தது, ஆனாலும் லிஃப்டர் அதோடு நின்றுவிடவில்லை, அதனால் இதை மட்டும் வைத்து வருடம் சொல்லிவிடாதீர்கள். வெளியே சுத்தியல் இல்லாதவை 1880களின் கடைசியில் வந்தன. அப்புறம் குழலைத் திறந்து, தோட்டாவைத் தூக்கும் துண்டைப் பாருங்கள்: நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தால் எஜெக்டர், அதாவது சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளுவது, அது 1902இல் வந்தது. குழலின் அடிக்கொக்கியில், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும்படி ஒரு சின்ன எஃகுத் தகடு பதித்திருந்தால் 1910 அல்லது அதற்குப் பிறகு. வரிசை எண் 1890களைக் காட்ட, கொக்கியில் இந்தத் தகடும் இருந்தால், குழல் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். குழல், அது பூட்டப்படும் இரும்புச் சட்டம், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பு, மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் வலியுறுத்துவதற்குக் காரணம் பாதுகாப்புதான். கரிமருந்துக் காலத்து டமாஸ்கஸ் குழலில் (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்தது) இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. எஃகுக் குழலாக இருந்தாலும் பழைய 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) பார்க்கர்கள் பலவற்றில் தோட்டா அறை 2⅝ அங்குலம்தான். இன்றைய 2¾ அங்குலத் தோட்டா அதில் தடையில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் பெட்டியில் போட்டிருப்பது வெடித்து, மடிந்த வாய் விரிந்த பிறகான நீளம். வெடிக்கும்போது அதன் வாய் குறுகலான பகுதிக்குள் போய் விரிய, அழுத்தம் ஏறும். அறையின் நீளத்தையும் குழல் சுவரின் தடிமனையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்து 'சரி, சுடலாம்' என்பவரை நம்பாதீர்கள்.

அளந்து முடியும்வரை எதையும் பாலிஷ் போட வேண்டாம், எண்களும் தரத்தைச் சொல்லும் கிரேடு குறிகளும் மழுங்கிவிடும். பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்துக்கு வரிசை எண்ணை எழுதிக் கேட்டால், தொழிற்சாலைப் பதிவேடு மிஞ்சியிருக்கும் துப்பாக்கிகளுக்கு அது எந்த வடிவில் ஆர்டர் ஆனது என்று கடிதம் தருவார்கள்.