ஓட்டாத ஸ்கூட்டரின் பேட்டரிக்கும் ஏன் வயதாகிறது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மின்சார ஸ்கூட்டர் எப்போதும் 100 சதவீத சார்ஜில் பேஸ்மென்ட்டில்தான் நிற்கிறது. ஆனாலும் இரண்டு வருடத்தில் ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் குறைந்துவிட்டது. ஓட்டாத வண்டிக்கு என்ன தேய்மானம்?"

லித்தியம் அயனி பேட்டரியின் அடிப்படை தெரிந்ததுதான். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளி வழியாகப் போய், எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் உட்காரும். ஓட்டும்போது திரும்பி வரும். வில்லங்கம் அந்தக் கிராஃபைட்டில் இருக்கிறது.

லித்தியம் நிறைந்த கிராஃபைட் எலக்ட்ரானைத் தள்ளிவிடத் துடிக்கும். பக்கத்திலிருக்கும் மின்பகுளி அதை வாங்கிச் சிதையும். நியாயப்படி பேட்டரி சில சார்ஜிலேயே செத்திருக்க வேண்டும். ஆனால் சிதைந்த குப்பையே கிராஃபைட்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில், புண்மேல் பொருக்கு கட்டுவதுபோல, படிந்துவிடுகிறது. இந்தப் படலம் லித்தியம் அயனியை உள்ளே விடும், எலக்ட்ரானை வெளியே விடாது. லித்தியம் உலோகத்தின் மேல் இப்படி உருவாகும் படலத்தை இஸ்ரேலின் இமானுவேல் பெலெட் 1979இலேயே விளக்கிவிட்டார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். மின்பகுளியில் புரொப்பிலீன் கார்பனேட்டைக் கரைப்பானாக ஊற்றினால் கிராஃபைட் அடுக்கடுக்காக உரிந்து நாசமாகும். அதிலிருந்து ஒரே ஒரு மெத்தில் தொகுதியை எடுத்துவிட்டால் கிடைப்பது எத்திலீன் கார்பனேட். அதில் படலம் கெட்டியாகப் பிடித்து, கிராஃபைட் பிழைத்துக்கொள்கிறது! கனடாவில் ஜெஃப் டான் குழுவினர் 1990இல் இதைக் காட்டினார்கள். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், வித்தியாசம் அவ்வளவுதான்.

படலம் சும்மா வருவதில்லை. அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வேலைக்கு வராது. தொழிற்சாலையில் ஏற்றும் முதல் சார்ஜிலேயே 5 முதல் 10 சதவீதம் வரை அப்படிப் போகும். பிறகும் எலக்ட்ரான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, படலம் தடிக்கிறது. தடிக்கத் தடிக்க வேகம் குறையும்: இழப்பு இரு மடங்காக ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். ஓட்டினால் இன்னொரு தொல்லை. சார்ஜில் கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புவதால் படலம் வெடித்து, மறுபடி கட்ட லித்தியம் செலவாகும்.

நிற்கும் வண்டியில் படலத்தை வேகமாக வளர்ப்பவை இரண்டு: முழு சார்ஜ், வெப்பம். வெப்ப விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் சென்னைக்காரர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். இந்த மெதுவான கசிவை அளக்கப் பல வருடம் வேண்டும். நம் ஊரில் ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரிக்கு வயதாகும் முன்பே ஆய்வுத் திட்டத்துக்கு வயதாகிவிடுகிறது. இது எனக்கு ஆறாத எரிச்சல்.

அப்புறம், "வாரம் ஒருமுறை சுத்தமாகக் காலி செய்" என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து நம்பிக்கை. ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சை வையுங்கள், அதனால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. இப்படி வாராவாரம் காலி செய்தால் ஆகும். வாசகர் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தலாம். பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி போதும். கையேட்டில் அவ்வப்போது முழு சார்ஜ் ஏற்றச் சொல்லியிருந்தால் ஏற்றுங்கள். பெரும்பாலும் அது, மீதி சார்ஜைக் காட்டும் கணக்கு பிசகாமல் இருப்பதற்காக.