பைத்தான் தெரிந்தவர்களும் சூடோகோடில் மார்க் விடும் இடங்கள்

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ கணினி அறிவியல் (0478) தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் சரளமாக எழுதுகிறவர்கள்கூட, நிரலின் படிகளைத் தாளில் எழுதிக் காட்டும் சூடோகோடில் மார்க் விடுகிறார்கள். "அது சும்மா இங்கிலீஷ்தானே சார்" என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. லேப்பில் தப்பு செய்தால் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தும், விடைத்தாள் கத்தாது. எழுதியதை ஓட்டிப் பார்க்கும் வேலையும் எழுதியவர் தலையிலேயே விழுகிறது. அதை யாரும் பழகுவதில்லை.

மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்க வேண்டும், -1 வந்தால் நிறுத்தி, சராசரியைக் காட்ட வேண்டும் என்று ஒரு கேள்வி. மொத்தத்தையும் எண்ணிக்கையையும் பூஜ்யமாக்கி, ரிப்பீட் லூப்புக்குள் (நிபந்தனை நிறைவேறும் வரை திரும்பத் திரும்பச் சுற்றும் பகுதி) மதிப்பெண்ணை வாங்கி, மொத்தத்தில் கூட்டி, எண்ணிக்கையை ஒன்று ஏற்றி, 'அன்டில் மதிப்பெண் = -1' என்று பலர் முடிப்பார்கள். படிக்க அழகாகத்தான் இருக்கும். 40, 60, -1 கொடுத்து டிரேஸ் டேபிள் போட்டால், அதாவது படிக்குப் படி மதிப்புகள் எப்படி மாறுகின்றன என்று அட்டவணையாக எழுதிப் பார்த்தால், குட்டு வெளிப்பட்டுவிடும். -1-உம் கணக்கில் சேர்ந்து மொத்தம் 99, எண்ணிக்கை 3, சராசரி 33. வர வேண்டியது 50. முதல் மதிப்பெண்ணை லூப்புக்கு வெளியே வாங்கிவிட்டு, நிபந்தனையை முதலிலேயே பார்க்கும் வைல் லூப்புக்குள் போய், கூட்டி முடித்த பிறகு அடுத்ததை வாங்கினால் சரியாகிவிடும். அப்புறம், எடுத்த எடுப்பிலேயே -1 வந்தால்? எண்ணிக்கை பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அதற்கும் ஓர் 'இஃப்' வேண்டும்.

அதிகபட்சம் கண்டுபிடிக்கும் கேள்வியிலும் இதே கதைதான். தொடக்க மதிப்பாக 0 வைப்பது கை தன்னால் செய்யும் பழக்கம். மதிப்பெண்ணுக்கு அது ஓடிவிடும். குளிர்கால வெப்பநிலை -6, -3, -8 என்று இருந்தால் விடை 0 என்று வரும், அப்படி ஒரு நாளே இல்லாதபோதும். அணியின் (மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல்) முதல் மதிப்பையே அதிகபட்சமாக வைத்துத் தொடங்குங்கள்.

பைத்தான் பழக்கமும் கொஞ்சம் காலை வாரும். அங்கே லூப்பின் எல்லையைச் சொல்லும் ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தால் லூப் 9 தடவைதான் சுற்றும். கேம்பிரிட்ஜ் சூடோகோடில் 'ஃபார் 1 டு 10' என்றால் 10-உம் சேர்த்தி. மதிப்பைப் போட இடப்பக்க அம்புக்குறி, ஒப்பிட ஒற்றைச் சமக்குறி.

என் வகுப்பில் நான் செய்யச் சொல்வது, எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து டிரேஸ் போட வைப்பது. எழுதியவர் தன் மனதில் இருப்பதைத்தான் படிப்பார். அடுத்தவர் தாளில் இருப்பதைப் படிப்பார். வாரம் ஒரு பழைய வினாத்தாளை இப்படிச் செய்வது, பத்து விடைகளை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

இரண்டாம் தாளின் கடைசிக் கேள்விக்கு 15 மதிப்பெண். 105 நிமிடத்தில் 75 மதிப்பெண் என்ற கணக்குப்படி அதற்கு 21 நிமிடம் கிடைக்கும். அணிகளையும் மாறிகளையும் அறிவிக்க வேண்டாம் என்று கேள்வியிலேயே போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் அரைப் பக்கம் டிக்ளேர் எழுதுகிறவர்கள் உண்டு. கேள்வியில் கொடுத்த பெயர்களையே பயன்படுத்த வேண்டும், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் செய்தி வேண்டும், நிரலை விளக்கும் கமென்ட்டும் வேண்டும். சூடோகோடுக்குப் பதில் பைத்தானிலேயே எழுதவும் அங்கே அனுமதி உண்டு. எதில் எழுதுவது என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் மாறினால் ஃபார் லூப் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதே திருத்துகிறவருக்குப் புரியாது.