வில் இல்லாத வயலின்கள்: பாக்கின் ஆர்கன் கான்செர்ட்டோக்கள் ஒலிக்கும் விதம்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், மற்றவர்களின் கான்செர்ட்டோக்களை (தனி வாத்தியமும் குழுவும் மாறி மாறி வாசிக்கும் படைப்புகள்) குழல்களில் காற்றூதி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியமான ஆர்கனுக்கு மாற்றி எழுதினார். அவற்றில் அவர் தன் கைப்பட எழுதிய டி மைனர் கான்செர்ட்டோவின் (பாக் படைப்புப் பட்டியலான பி.டபிள்யூ.வி.யில் 596ஆவது எண்) தொடக்கத்தில் ஒரு வித்தியாசமான குறிப்பு இருக்கிறது. இரண்டு கைகளும் இரண்டு தனித்தனி விசைப்பலகைகளில் வாசிக்க வேண்டும். இரண்டிலும் 4 அடி ஆக்டேவ் ஸ்டாப் மட்டும். காலால் வாசிக்கும் பலகைக்கு 8 அடி பிரின்சிபல் மட்டும். பெரிய தேவாலய ஆர்கனில் பத்துப் பன்னிரண்டு ஸ்டாப்புகளை இழுத்துவிட்டுத் தொடங்குவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இங்கே மூன்றே மூன்று.

ஸ்டாப் என்பது ஒரே வகைக் குழல்களின் முழு வரிசை; பிரின்சிபல், ஆக்டேவ் என்பவை ஆர்கனின் அடிப்படைக் குழல் வகைகள். 8 அடி ஸ்டாப்பில் அழுத்திய ஸ்வரம் எழுதிய ஸ்தாயியிலேயே கேட்கும். 4 அடி என்றால் ஒரு ஸ்தாயி மேலே, 16 அடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. அந்த அளவு, வரிசையின் மிகத் தாழ்ந்த குழலுடைய ஏறத்தாழ நீளம்.

மூலம் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியுடையது: ஓபஸ் 3 தொகுப்பின் 11ஆவது கான்செர்ட்டோ, 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இரண்டு வயலின்கள் ஒரே ஸ்தாயியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தொடங்கும். அதை ஆர்கனுக்குக் கொண்டுவரும்போது இரண்டு முட்டுக்கட்டைகள். வயலின் மேல் டி வரை ஏறுகிறது. அக்கால ஜெர்மன் ஆர்கன்களில் விசைப்பலகை பெரும்பாலும் அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே, சி-யிலேயே முடிந்துவிடும். அடுத்தது, இரண்டு வயலின்களும் ஒரே ஸ்வரத்தில் சந்திக்கின்றன. ஒரு கை அழுத்திப் பிடித்திருக்கும் கட்டையை இன்னொரு கை மறுபடி அடிக்க முடியாது. பாக் இசையை ஒரு ஸ்தாயி கீழே எழுதி, 4 அடி ஸ்டாப்பால் ஒலியை மேலே தூக்கினார். முதல் சிக்கல் தீர்ந்தது. கைகளை இரண்டு பலகைகளில் பிரித்தார், இரண்டாவதும் தீர்ந்தது. இந்த இடத்தில் ஒலி இன்னும் கம்பீரமாக இருக்கட்டும் என்று 8 அடி ஸ்டாப்பைக் கூடவே இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. இழுத்த உடனே வயலின் வயோலாவாகிவிடும்.

இந்த வகையில் பாக்கின் ஆர்கன் படைப்புகள் ஐந்து, 592 முதல் 596 வரை. அவர் வைமர் அரசவையில் இருந்த 1708–1717 காலத்தவை. மூன்று விவால்டியிலிருந்து; இரண்டு வைமர் இளவரசர் யோகான் எர்ன்ஸ்ட் இயற்றியவற்றிலிருந்து. உட்ரெக்டில் படித்துவிட்டு 1713இல் திரும்பிய அந்த இளவரசர் 18 வயதிலேயே இறந்துபோனார். 594ஆவதில் ஸ்தாயி மாற்று உத்தி போதவில்லை. டி மேஜரில் இருந்த முழுப் படைப்பையும் பாக் சி மேஜருக்கு இறக்கிவிட்டார்.

வயலினில் அழுத்தம் வில்லிலிருந்து வருகிறது. வில் கம்பியைக் கவ்வும் கணத்தில் ஸ்வரத்துக்கு ஒரு முனை கிடைக்கிறது. ஆர்கனில் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெதுவாக அழுத்தினாலும் சத்தத்தின் அளவு ஒன்றுதான். பழைய ஆர்கனில் கட்டையின் மறுமுனையை மெல்லிய மரச்சட்டங்கள் காற்றுப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கதவோடு இணைக்கின்றன. தோல் ஒட்டிய அந்த மரக்கதவை உள்ளிருந்து காற்று அழுத்தி மூடிவைத்திருக்கும். துருத்தி தரும் அழுத்தம் 70 மில்லிமீட்டர் நீர்மட்டம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிராம். கதவு மூடும் துளை 15 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், திறக்க 105 கிராம் இழுப்பு வேண்டும். கதவு ஒரு மயிரிழை திறந்ததும் அந்த எதிர்ப்பு விட்டுப்போய், கட்டை சட்டென்று இறங்கும். அந்தச் சிறு ‘பொறி’ விரல்நுனிக்குத் தெளிவாகத் தெரியும். ஸ்வரம் தொடங்குவது அங்கேதான், கட்டையின் அடித்தளத்தில் அல்ல. இரண்டு பலகைகளைக் கப்ளரால் (ஒன்றில் அழுத்தினால் மற்றதும் ஒலிக்கச் செய்யும் இணைப்பு) பூட்டினால் இரண்டு கதவுகள், இரண்டு மடங்கு எடை. வேகமான பகுதிகளில் கை களைத்து, ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும்.

ஆகவே ஆர்கனில் வில்லின் வேலையைச் செய்வது, விரலை எடுக்கும் நேரம். ஒரு ஸ்வரத்தை அழுத்திக் காட்ட வேண்டுமானால் அதற்கு முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்பே விட்டுவிட வேண்டும். அந்த நூலிழை மௌனம்தான் காதில் அழுத்தமாகப் பதிகிறது. விவால்டியின் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இது கட்டாயம்: கதவு முழுதாக மூடித் திறந்தால்தான் குழல் மறுபடி பேசும். ஸ்வரத்தின் பாதி ஒலி, பாதி மௌனம் என்று பழகத் தொடங்கலாம். எதிரொலி நீளமான கட்டடத்தில் ஒலியின் பங்கை இன்னும் குறைக்க வேண்டிவரும்.

குழலின் சுபாவமும் கணக்கில் வரும். 16 அடி வரிசையின் கடைசிக் குழல் வினாடிக்குச் சுமார் 33 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 30 மில்லிவினாடி. ஒலி நிலைகொள்ள ஐந்தாறு அதிர்வாவது வேண்டும், அதாவது 150 மில்லிவினாடிக்கு மேல். நிமிடத்துக்கு 96 கால் ஸ்வர வேகத்தில் ஒரு பதினாறாம் ஸ்வரத்தின் முழு ஆயுளே 156 மில்லிவினாடிதான். குழல் வாயைத் திறப்பதற்குள் ஸ்வரம் முடிந்துவிடும். 596இன் தொடக்கத்தில் ஒரே டி-யைக் கால் தட்டிக்கொண்டே இருக்கும்போது 16 அடி இல்லாமல் 8 அடி மட்டும் போட்டிருப்பது எவ்வளவு பொருத்தம் என்பது அப்போது புரியும்.

ஏ மைனர் கான்செர்ட்டோவில் (593) குழுவும் தனி வயலின்களும் மாறி மாறி வரும் இடங்களில் எந்தப் பலகையில் வாசிப்பது என்று சொல்லும் குறிப்புகள் உண்டு: குழுவுக்கு ‘ஓபர்வெர்க்’, தனி வயலின்களுக்கு ‘ரூக்பாசிட்டிவ்’. ஜெர்மனியின் நௌம்புர்க் நகரில் உள்ள வென்செல் தேவாலயத்து ஆர்கனை எடுத்துக்கொள்வோம். சகாரியாஸ் ஹில்டெபிராண்ட் கட்டி 1746இல் முடித்தது. பாக்கும் ஆர்கன் கட்டுநர் காட்ஃபிரீட் சில்பர்மானும் நேரில் சோதித்து ஏற்றது. 3 பலகைகள், 53 ஸ்டாப்புகள். அங்கே ஓபர்வெர்க் என்ற பெயர் மேல் பலகைக்கு. குறிப்பை அப்படியே பின்பற்றினால் குழு மெலிந்து, தனி வயலின் ஓங்கிவிடும். பாக் சொன்னது முதன்மைப் பலகையை. இந்த ஆர்கனில் அது நடுவில் இருக்கும் ஹவுப்ட்வெர்க். ரூக்பாசிட்டிவ் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் விளிம்பில் இருக்கிறது. அதனால் இரண்டு மூன்று ஸ்டாப்புகளிலேயே தனி வயலின் கீழே இருப்பவர்களுக்கு நெருக்கமாகக் கேட்கும். குழுவுக்கு 8, 4, 2⅔, 2 அடி பிரின்சிபல்களும் மிக்ஸ்ச்சரும் (ஒரு கட்டைக்குப் பல சிறு குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாப்) போதும். இருக்கிற 8 அடி ஸ்டாப்புகளையெல்லாம் சேர்த்து இழுத்தால் தாழ்ந்த குழல்கள் காற்றைக் குடித்துவிடும். கனமான ஒவ்வொரு சேர்க்கைக்கும் அழுத்தம் இறங்கி, சுருதி தள்ளாடும்.

கச்சேரியன்று முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானி. காற்று ஒரு டிகிரி சூடானால் சாதாரணக் குழல்களின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரம் 100 சென்ட்). டிரம்பெட், போசாவ்னே போன்ற, உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்கள் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். சுருதி சேர்த்த நாளைவிட 8 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டுக்கும் நடுவே 24 சென்ட் இடைவெளி; யார் காதுக்கும் உறுத்தும். நேரம் இருந்தால் நாக்குக் குழல்களை மட்டும் கம்பியைத் தட்டிச் சரிசெய்வார்கள். நேரம் இல்லையென்றால் அவற்றை இழுக்காமலே வாசிப்பது மேல். 596இல் பாக் குறித்திருக்கும் ஸ்டாப்புகளிலும் நாக்குக் குழல் எதுவும் இல்லை.