ஃபாலி: தோட்டத்து வேடிக்கை மண்டபம்

பிரிட்டனில் விடுமுறைக்கு வாடகை வீடு தேடினால் ‘ஃபாலி’ என்ற சொல் கண்ணில் படும். அகராதியில் பார்த்தால் ‘மடமை’ என்றிருக்கும். மடமைக்கு வாடகை எதற்கு என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலும் பார்வைக்காகவே தோட்டத்தில் எழுப்பிய விசித்திரக் கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர்.

பழைய பிரெஞ்சில் ‘ஃபோலி’ என்றால் பைத்தியக்காரத்தனம். அதற்கும் வேர் லத்தீனில் துருத்தியைக் குறிக்கும் ‘ஃபோலிஸ்’. மண்டைக்குள் வெறும் காற்று என்ற கேலிதான். காசைக் கரியாக்கிக் கட்டியவரின் பெயரோடு சேர்த்து, ‘இன்னாருடைய ஃபாலி’ என்று ஊரார் சிரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் பொய்க் கோபுரங்களையும், புதிதாகவே இடிந்த கோட்டைகளையும் எழுப்பியபோது பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் டன்மோர் பிரபுவின் தோட்டத்தில் உள்ள ‘பைனாப்பிள்’ இதில் உச்சம். வாசல் வளைவின் நடுக்கல்லில் 1761 என்று செதுக்கியிருக்கிறது. மேலே சுமார் 14 மீட்டர் உயரத்துக்குக் கல் அன்னாசி. ஒவ்வொரு கல் இலையிலும் தண்ணீர் தனித்தனியாக வடிந்துவிடும். தேங்கினால் பனியில் உறைந்து கல்லையே பிளந்துவிடும். இரண்டு பக்கமும் உள்ள சுவருக்குள் சூடான காற்றை ஓடவிட்டுச் செடிகளுக்குக் கதகதப்பு தந்தார்கள். புகைபோக்கிகள்கூட ஜாடி வேடத்தில் நிற்கின்றன. கட்டியவர் விளையாடியிருக்கிறார், கொத்தனார் விளையாடவில்லை.

1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் இப்படிப்பட்ட கட்டடங்களைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுகிறது. பராமரிப்புக்கு அந்தப் பணம் கைகொடுக்கிறது. பைனாப்பிளிலும் நான்கு பேர் தங்கலாம். ஆனால் பழத்துக்குள் படுக்கை இல்லை. தோட்டக்காரர்கள் இருந்த பக்கத்து அறைகளில்தான். தொலைக்காட்சியும் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மடமைக் கட்டடம்’ வெறும் வசவு. ‘வசந்த மண்டபம்’ பொருந்தாது. அங்கே திருவிழா நடக்கிறது, வேலை இருக்கிறது. அழகுக்காகத் தோட்டத்தில் எழுப்பிய பொய்க்குன்றுக்குப் பழைய தமிழில் ‘செய்குன்று’ என்ற அருமையான சொல் உண்டு, ஆனால் அது மலையோடு நின்றுவிட்டது. என் தேர்வு ‘வேடிக்கை மண்டபம்’. வேடிக்கை பார்க்கக் கட்டியது, “என்ன வேடிக்கை இது!” என்று கேட்கவைப்பது, இரண்டும் அதில் அடங்கும். இடிந்ததுபோலவே கட்டிய கோட்டைக்கு மட்டும் ‘போலி இடிபாடு’ எனலாம். ஃபாலிக்கும் போலிக்கும் ஓசைப் பொருத்தம்தான், உறவு ஏதும் இல்லை.