அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டும்

குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இணையத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? 1997-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இத்தாலிய ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். கிடைத்த 41 பக்கங்களில் மருத்துவப் பரிந்துரைகளோடு நெருங்கி ஒத்துப்போனவை நான்கே நான்கு.

இப்படி ஒவ்வொரு நோய்க்கும் நிபுணர்களே பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது. படிக்கிறவர் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லைதான்; 1998-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இரண்டு ஆய்வாளர்கள் தேடியபோது 47 அகப்பட்டன. ஆனால் எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்று விளக்கியவை அவற்றில் 14 மட்டுமே. ஒரே பக்கத்தை இரண்டு பேர் மதிப்பிட்டால் ஒரே முடிவு வருமா என்ற தகவலை ஒன்றுகூடத் தரவில்லை. ஆளுக்கு ஆள் நீளம் மாறும் கோலை வைத்து எப்படித் துணி அளப்பது?

அந்தச் சோதனையைச் செய்து காட்டியது 1999-ல் இங்கிலாந்தில் வெளியான 'டிஸ்சர்ன்'. சிகிச்சை பற்றிய எழுத்தை எடைபோட 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மாரடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), நாட்பட்ட சோர்வு நோய் ஆகிய மூன்றையும் பற்றிய தகவல்களை எடுத்து, நிபுணர் குழு கேள்விகளை உருவாக்கியது. அப்புறம் மருத்துவத் தகவல் வழங்கும் 15 பேரிடமும் நோயாளிகளின் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த 13 பேரிடமும் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஒற்றுமையை அளக்கக் 'கப்பா' என்றொரு எண் இருக்கிறது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 5 வரை ஏதோ ஓர் எண்ணைப் போட்டாலும் ஐந்தில் ஒரு தடவை ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒற்றுமைதான் கப்பா. முழுதாக ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவே என்றால் 0. டிஸ்சர்னின் ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் நிபுணர்களுக்குள் இது 0.53, தகவல் வழங்குவோரிடம் 0.40, சுயஉதவிக் குழுவினரிடம் 0.23.

யாருக்காகக் கருவி செய்தார்களோ அவர்களிடம்தான் அது அதிகம் தடுமாறியிருக்கிறது. இதை மறைக்காமல் வெளியிட்டதற்காகவே அந்த ஆய்வை மதிக்கிறேன். காரணமும் ஊகிக்கக்கூடியதே. தகவல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம். நடுநிலையோடு எழுதியிருக்கிறதா என்று கேட்டால், எது விடுபட்டது என்று தெரிந்தவரால்தான் பதில் சொல்ல முடியும்.

அதற்காகக் கேள்விகளை ஒதுக்கிவிட வேண்டாம். எனக்கு மிகப் பிடித்தது 12-வது: சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறதா? தொண்டை வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வைரஸால் வரும் அது ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இதைச் சொல்லாமல் மருந்துகளை மட்டும் அடுக்கும் பக்கம், நாம் முடிவெடுக்கத் தேவையான முக்கியமான செய்தியையே தரவில்லை. 8-வது கேள்வியும் அப்படித்தான்: மருத்துவத்துக்கே இன்னும் உறுதியாகத் தெரியாத இடங்களை ஒப்புக்கொள்கிறதா?

ஒன்றை மட்டும் டிஸ்சர்ன் பார்ப்பதில்லை: எழுதியிருப்பது உண்மையா என்பதை. ஆதாரம், தேதி, நன்மை, பக்கவிளைவு எல்லாம் ஒழுங்காகச் சொல்லி நல்ல மதிப்பெண் வாங்கும் பக்கத்திலும் மருந்தின் அளவு தவறாக இருக்கலாம். அதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.