வெளிமாநிலக் குடும்பங்களுக்கு உணவு வங்கி: பங்குத் தேவாலயங்கள் கவனிக்க வேண்டியவை

கடலூர் சிப்காட் பக்கமும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கக் குடும்பங்களுக்குக் கோயிலில் இருந்து மளிகை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் நம் வீட்டுச் சமையலை வைத்துப் பட்டியல் போட்டால் இட்லி அரிசியும் புளியும் சாம்பார் பொடியும் அவர்கள் அறையில் அப்படியே கிடக்கும். ஒடிசா, வங்கக் குடும்பங்களுக்குப் புழுங்கலரிசி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய் வேண்டும். பீகார்க்காரர்களுக்குக் கோதுமை மாவும் சேர வேண்டும். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு அரிசியும் மாவுமாக 8 கிலோ, பருப்பு 1 கிலோ, எண்ணெய் அரை லிட்டர், உருளை 2 கிலோ, வெங்காயம் 1 கிலோ எனக் கணக்கிடலாம். கடுகு எண்ணெயைச் சில்லறையில் வாங்காதீர்கள். அதில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தால் கால் வீங்கும், இதயமும் பாதிக்கும். அக்மார்க் முத்திரையுள்ள பாக்கெட்தான் சரி.

பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களில், வீட்டுக்கு வீடு கைப்பிடியாகச் சேரும் பிடியரிசியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வீட்டில் பொன்னி, அடுத்த வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது இன்னொன்று விறைப்பாக நிற்கும். எந்த அரிசி என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதை மாவாக அரைத்துவிடலாம்.

ஞாயிறு பூசை முடிந்து கொடுப்பது நமக்குத்தான் வசதி. கட்டட வேலையில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். கையில் காசு தீர்வது புதன், வியாழனில். அந்த நாட்களில் மாலை ஆறரைக்கு மேல் கொடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாக ஒப்படைக்கக் கூடாது, அதைக் கூலியில் கழித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆதார் நகல் வேண்டாம், பெயரும் ஆள் எண்ணிக்கையும் போதும். ஜெபத்துக்கு வந்தால்தான் பை என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினாலே போதும், அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். போட்டோவும் அப்படித்தான்.

நன்கொடையாக வரும் குழந்தைப் பால் பவுடர் டின்களை விநியோகிக்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, காரணமும் நியாயமானது. தாய்ப்பால் நின்றுபோகும், சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்கு வரும். அந்தத் தாயை அங்கன்வாடியில் பதிவு செய்ய உதவினால் சத்துமாவு கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சரக்கு அறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூட்டைகள் மரக்கட்டை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும். தாழ்வான பகுதியென்றால் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்து பூஞ்சை பிடித்த அரிசியைக் காயவைத்துக் கொடுக்கவே கூடாது, பூஞ்சை நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. கோதுமை மாவை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டையும் வாங்கிக் கொடுப்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

ரேஷனை மறந்துவிடுகிறோம். 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில அட்டைக்குத் தமிழ்நாட்டுக் கடையிலும் தானியம் உண்டு. முன்னுரிமை அட்டை என்றால் மாதம் ஆளுக்கு 5 கிலோ. இங்கிருப்பவர் தன் பங்கை மட்டும் வாங்கினால் ஊரில் உள்ளவர்கள் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். சிமென்ட் வேலையில் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி பல நேரம் ஏற்காது, அட்டையோடு ஆதார் இணைந்திருக்காவிட்டாலும் கிடைக்காது. இந்தி பேசத் தெரிந்த ஒருவர் முதல் மாதம் கூடப் போய் இதைச் சரிபார்த்துவிட்டால், அந்த வீட்டுப் பையில் அரிசியைக் குறைத்துப் பருப்பையும் எண்ணெயையும் கூட்டலாம்.