சிப் செத்ததா, வாய் மூடியிருக்கிறதா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பழுதுபார்க்க வரும் பழைய கணினி பவர் சப்ளைகளைத் திறந்தால், பலவற்றில் 16 கால் கொண்ட டிஎல்494 சிப்போ அதற்கு ஈடான கேஏ7500-ஓ இருக்கும். பெரிய மின்சாரம் எதுவும் இந்தச் சிப் வழியாகப் போவதில்லை.

பிளக்கில் வரும் 230 வோல்ட் ஏசி, டயோடுகளைத் தாண்டிக் கெப்பாசிட்டர்களில் தேங்கும்போது ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகிவிடும். (பிளக்கைக் கழற்றிய பின்னும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்; கை வைக்காதீர்கள்.) 13007 போன்ற இரண்டு டிரான்சிஸ்டர்கள் அதை மாறி மாறி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கடத்தலாம் என்பதைச் சொல்வதுதான் சிப்பின் வேலை.

5ஆம் காலில் ஒரு கெப்பாசிட்டர், 6ஆம் காலில் ஒரு ரெசிஸ்டர். கெப்பாசிட்டரின் வோல்ட் 3 வரை சீராக ஏறி, சட்டென்று விழும், மறுபடி ஏறும். 1 நானோஃபாரட், 10 கிலோஓம் போட்டால் நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. இந்த ரம்பப்பல் அலை 3ஆம் காலின் வோல்ட்டைத் தாண்டும் கணத்தில், டிரான்சிஸ்டரைக் கடத்தச் சொல்லும் துடிப்பு தொடங்கும், அலை விழும்போது முடியும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கி வெளியீட்டின் 5 வோல்ட் லைன் இறங்கினால், அதைப் பின்பற்றி 3ஆம் காலும் இறங்கும். அலை அதை முன்னதாகவே தாண்டும். துடிப்பு அகலமாகி வோல்ட் நிமிரும்.

எனக்குப் பிடித்தது 4ஆம் கால். டிரான்சிஸ்டரை நிறுத்தச் சொன்னாலும் அது உடனே நிற்காது. அதற்குள் மற்றது கடத்தத் தொடங்கினால் 325 வோல்ட்டும் நேராக ஷார்ட், இரண்டும் வெடிக்கும். காலி வீதிச் சந்தியில் ஒரு பக்கம் சிவப்பு விழுந்ததுமே மறுபக்கம் பச்சை விழுவதில்லையே, அந்த மாதிரி ஓர் இடைவெளி இங்கேயும் வேண்டும். அதை வைப்பது 4ஆம் கால். அதன் வோல்ட் ஏற ஏற இடைவெளி கூடும். 3 வோல்ட்டைத் தாண்டினால் துடிப்பே வராது.

வெளியீட்டில் கோளாறு கண்டால் பாதுகாப்புச் சுற்றும் இந்தக் காலைத்தான் உயர்த்தித் துடிப்பை நிறுத்துகிறது. சப்ளையை ஓடச் சொல்லும் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தும் அது ஓடவில்லையா? 12ஆம் காலில் சிப்புக்கான வோல்ட் வருகிறதா, 14ஆம் காலில் 5 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி, ஆனால் 4ஆம் கால் உயர்ந்து நிற்கிறது என்றால் சிப்பை மாற்றிப் பயனில்லை. வெளியீட்டுப் பக்கம் ஷார்ட் ஆன டயோடு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.